பீர் ஆலையின் அலுவலகத்துக்கு இத்தனை அலங்காரம் எதற்கு?

கட்டடக்கலை மாணவி, கிண்டி:
வணக்கம். பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புப் பாடத்திற்காக, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எழுந்த பீர் ஆலை ஒன்றின் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆலை, கோபுரம் போல உயர்ந்து பின்னால் நிற்கிறது. அதன் சுவர் பெரும்பாலும் வெறும் செங்கல்தான். தெருவை ஒட்டி, வாயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மாடி அலுவலகத்திலோ செதுக்கிய கல் வளைவு, சுடுமண் பூவேலை, வண்ணக் கண்ணாடி எல்லாம் இருக்கின்றன. கணக்கெழுதும் இடத்துக்கு எதற்கு இவ்வளவு செலவு? “விளம்பரம்” என்று ஒரே சொல்லில் ஆசிரியர் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர், புரசைவாக்கம்:
ஆசிரியர் சொன்னது தவறில்லை, ஆனால் பாதிதான். முதலில் பின்னால் நிற்கும் கோபுரத்தைப் பாருங்கள். நீராவி இயந்திரம் தண்ணீரையும் மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) உச்சிக்கு ஏற்றிவிட்டால், அரைப்பது, ஊறவைப்பது, புளிக்கவைப்பது என்று வேலை தளம் தளமாக இறங்கி, கடைசியில் கீழே பீப்பாயில் முடியும். கட்டடக்கலைஞர் வில்லியம் பிராட்ஃபோர்டு 1899-ஐ ஒட்டி வடிவமைத்த, இங்கிலாந்தின் ஹூக் நார்ட்டன் ஆலை இதற்கு நல்ல சான்று. எந்நேரமும் ஆவியும் ஈரமும் நிறைந்த அந்தக் கட்டடத்துக்குள் பேரேடுகளை வைக்க யார் துணிவார்கள்? அலுவலகம் தனியே பிரிந்ததற்கு அதுவே எளிய காரணம்.

வாயிலோரம் அமைந்ததற்குக் காரணம் வண்டிகள். எத்தனை பீப்பாய் வெளியே போயிற்று, எத்தனை காலியாகத் திரும்பிற்று என்று எண்ணாவிட்டால் முதலாளிக்கு நஷ்டம். முற்றத்தைப் பார்த்த சன்னல் எது என்று வரைபடத்தில் தேடுங்கள். தெருமுகப்பைவிட அந்தச் சன்னல் அதிகம் பேசும். 1880-இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கி, புளிக்கவைப்பதற்கு முன்னுள்ள சாற்றின் அடர்த்தியை அளந்து வரி விதித்தார். அதன் பிறகு அளவுக் குறிப்பேடுகளின் முக்கியத்துவமும் கூடியது.

அலங்காரத்தைப் பற்றி: 1886-இல் டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலை 60 லட்சம் பவுண்டு மதிப்பில் பங்குகளை வெளியிட்டது. அதைக் கண்டு பல குடும்ப ஆலைகள் வரையறுக்கப்பட்ட (லிமிடெட்) நிறுவனங்களாயின. பங்குதாரர் வந்து அமர ஓர் அறை வேண்டாமா? இனிமேல் இது எங்கள் வீட்டுத் தொழில் மட்டுமல்ல, உங்கள் பணத்துக்கும் பாதுகாப்பான இடம் என்று அந்த முகப்புச் சொல்ல வேண்டியிருந்தது. விளம்பரம்தான், ஆனால் குடிப்பவருக்கு அல்ல, பணம் போடுபவருக்கு.

மண்ணடிவாசி:
ஐயா சொன்ன நம்பிக்கை விஷயத்தை நம் ராஜாஜி சாலையிலேயே பார்க்கலாம். மெட்ராஸ் வங்கிக்காக 1897-இல் எழுந்த, இன்று ஸ்டேட் வங்கி இருக்கும் கட்டடம் கட்டடக்கலைஞர் ஹென்றி இர்வின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. கட்டியவர் நம்பெருமாள் செட்டி. சற்றுத் தள்ளி, இன்னொரு கட்டடக்கலைஞரான சிசோம் வடிவமைத்து 1884-இல் முடிந்த தலைமை அஞ்சலகம்.

தங்கைக்கு ஒன்று சொல்கிறேன்: முகப்போடு நின்றுவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் சுவரைச் சில ஆண்டுகளுக்கு முன் சிமெண்டு பூசிப் “புதுப்பித்தார்கள்”. சுண்ணாம்புக் காரைச் சுவருக்குள் ஈரம் வெளியேற வழியின்றி, உப்புப் பூத்து, விரலால் தொட்டால் செங்கல் பொடியாக உதிர்ந்தது. மேலே பர்மா தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கற்களைச் சாய்வாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அதையெல்லாம் நிமிர்ந்து பார்த்தவர் யாரும் இல்லை.

கட்டடக்கலை மாணவி, கிண்டி:
மிக்க நன்றி. ஐயா குறிப்பிட்டபடி தேடினேன். முற்றத்தைப் பார்த்து, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த துருத்திய சன்னல் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய அறையின் பெயர் “எழுத்தர் அறை” என்றுதான் எழுதியிருக்கிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர், புரசைவாக்கம்:
அந்த எழுத்தர்தான் பீப்பாய் எண்ணியவராக இருக்க வேண்டும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அந்தச் சன்னலுக்கு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள்.