அல்புமின் பார்த்தால் போதுமா?

உணவியல்மலர்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: “நோயாளியைச் சேர்க்கும்போதே ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே என்றால் ஊட்டக்குறைவு. கேள்வி கேட்டு ஊட்டக்குறைவுப் படிவம் நிரப்புவது வெட்டி வேலை.” படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. காய்ச்சல், கிருமித்தொற்று, கல்லீரல் கோளாறு எது வந்தாலும் அல்புமின் இறங்கும். சாப்பாட்டை அளக்க அது உதவாது.

லேப்கார்த்தி: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் மேடம். 3.5 என்பது எண், பொய் சொல்லாது. எடை குறைந்ததா என்று கேட்டால் நோயாளி வாய்க்கு வந்ததைச் சொல்வார்.

உணவியல்மலர்: வேட்டி இடுப்பில் நிற்கிறதா, மோதிரம் கழல்கிறதா என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார். ஊட்டக்குறைவு ஆபத்தைக் கண்டறியும் மஸ்ட் (MUST) படிவம் பார்ப்பது மூன்றே விஷயம்: பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்), 3 முதல் 6 மாதத்தில் தானாகக் குறைந்த எடை, கடும் நோயில் 5 நாளுக்கு மேல் சாப்பாடு இறங்காத நிலை. மொத்த மதிப்பெண் 2 வந்தாலே அதிக ஆபத்து. பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வருகிறவர்களுக்குக்கூட அல்புமின் பல நேரம் சரியாகவே இருக்கும். அதற்கு என்ன பதில்?

லேப்கார்த்தி: அது விதிவிலக்கு. 3.5-தான் கணக்கு.

இரவுப்பணி_செல்வி: இரண்டு பேரும் வார்டுக்கு வந்து பேசுங்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை எந்த மெஷினில் நிறுத்தி எடை பார்ப்பது? படிவம் கடைசியில் எங்கள் தலையில்தான் விழுகிறது.

உணவியல்மலர்: மேல்கையை டேப் வைத்து அளக்கலாம் செல்வி. சுற்றளவு 23.5 செ.மீ.க்குக் கீழே என்றால் பிஎம்ஐ 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம்.

இரவுப்பணி_செல்வி: டேப் யார் வாங்கித் தருவார்கள்? போன வருஷம் கேட்டது இன்னும் வரவில்லை.

மதுரைமகன்: எங்கள் அம்மா 78 கிலோவிலிருந்து நாலு மாதத்தில் 69-க்கு வந்துவிட்டார். “குண்டாகத்தானே இருக்கிறார்” என்று ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. தட்டில் வைத்த இட்லி அப்படியே திரும்பிப் போகும்.

உணவியல்மலர்: பார்த்தீர்களா கார்த்தி? பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. அதற்கு மட்டுமே 2 மதிப்பெண்.

லேப்கார்த்தி: அந்த அம்மாவுக்கு அல்புமின் எவ்வளவு? அதைச் சொல்லுங்கள் முதலில். குறைந்திருந்தால் முட்டை வெள்ளைக்கரு கொடுத்தால் ஏறிவிடும்.

உணவியல்மலர்: தொற்று அடங்காமல் வெள்ளைக்கருவால் ஏறாது! அமெரிக்காவின் ஆஸ்பென் (ASPEN) என்ற மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமே 2020-இல் அல்புமினை ஊட்டக்குறைவின் அடையாளமாக எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

லேப்கார்த்தி: அமெரிக்கா சொன்னால் வேதமா? இருபது வருஷமாக ரிப்போர்ட் பார்க்கிறவன் நான்.

மதுரைமகன்: அம்மா சைவம், முட்டை தொடமாட்டார்.

இரவுப்பணி_செல்வி: என் டேப்புக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

லேப்கார்த்தி: 3.5. அவ்வளவுதான்.