லாரி உரசிக்கொண்டு போகிறது, வண்டி வராத சைக்கிள் பாதையே இங்கே கிடையாதா?

புதுவரவு:
வணக்கம், கொஞ்சம் அவசரம். இங்கிலாந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. நானும் மனைவியும் பழைய சைக்கிள் இரண்டு வாங்கி, கிராமப் பக்கம் நிதானமாக ஓட்டலாம் என்று காலையில் கிளம்பினோம். மேப் காட்டிய ரோட்டில் லாரியும் காரும் உரசிக்கொண்டு போகின்றன. போதாததற்கு அவள் சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்றே இல்லை. பெட்ரோல் பங்கில் அடிக்கலாம் என்றால் அந்தக் குழாய் வால்வில் உட்காரவே மாட்டேன் என்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். வண்டி வராத பாதை என்று உண்டா இல்லையா? உடனே சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
நிறைய உண்டு தம்பி. 1963இல் நஷ்டத்தில் ஓடும் ரயில் பாதைகளை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கை வந்த பிறகு இங்கே கிளை ரயில் பாதைகளை வரிசையாக மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த அந்தத் தடங்களில் பல இன்று சைக்கிள் பாதைகள். பிரிஸ்டலிலிருந்து பாத் நகரம் வரை 13 மைல், முழுக்கத் தார். 1979இல் தொடங்கி 1986இல் முடித்தார்கள். ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றம் இருக்காது. பயமில்லாமல் போகலாம்.

மலைக்கோட்டை:
ஏற்றம் இருக்காது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள் அண்ணா. டெர்பிஷயரில் ஹை பீக் டிரெயில் என்ற சைக்கிள் பாதையும் பழைய ரயில் தடம்தான். ஆனால் கிராம்ஃபர்ட் முனையில் எட்டு அடிக்கு ஓர் அடி ஏறும். அந்தச் சரிவில் வண்டிகளை எஞ்சின் இழுக்கவில்லை, உச்சியில் நீராவி இயந்திரத்தை நிறுத்தி வைத்துக் கயிறு கட்டி இழுத்தார்கள். 1829ஆம் வருஷத்து இயந்திரம் மிடில்டன் டாப்பில் இன்னும் இருக்கிறது. புதியவர்கள் அந்த முனையில் தொடங்கவே கூடாது. பார்ஸ்லி ஹே பக்கம் தொடங்கினால் சமதளம்.

வல்வைப்பெடியன்:
தம்பி, கால்வாய்க் கரைதான் எல்லாத்திலயும் நல்லம். கெனட் அண்ட் ஏவன் கால்வாய்க் கரையால பாத்திலயிருந்து பிராட்ஃபர்ட் ஆன் ஏவனுக்குப் போய்ப் பாருங்கோ. ஒரு வாகனம் இல்லை, ஏத்தமும் இல்லை.

நெல்லைக்காரி:
கரை அழகுதான். ஆனால் நகரத்தை விட்டு விலகினால் பல இடங்களில் மண்தான். மழை பெய்த மறுநாள் டயரில் களிமண் அப்பி மட்கார்டை அடைத்துவிடும். படகு கட்டிய கயிறும் முளையும் ஓரத்தில் கிடக்கும். பாலத்துக்கு அடியில் ஒரு சைக்கிள் போகும் அகலம்தான், எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. மணி அடித்து, இறங்கித் தள்ளித்தான் போகணும். அக்டோபரில் புதுசாக ஓட்டுகிறவர்களைக் கால்வாய்க்கு அனுப்பாதீர்கள்.

கோவை_டைனமோ:
எனக்கு இந்த நீலப் பலகை மேல்தான் ஆத்திரம். சிவப்புக் கட்டத்தில் வெள்ளை எண் இருந்தால் தேசிய சைக்கிள் வழி, சரி. அதைப் பார்த்ததும் வண்டி வராது என்றுதானே நம்புவோம்? கார் ஓடும் ரோட்டிலும் அதே பலகைதான். 2020இல் அந்த வலைப்பின்னலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை அதை நடத்தும் அறக்கட்டளையே பட்டியலிலிருந்து எடுத்தது.

காவிரிக்கரை:
ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக் கடை பூட்டிக் கிடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல பப்களில் மதியம் இரண்டரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சைவம் என்றால் பெரும்பாலும் சிப்ஸ்தான்.

வல்வைப்பெடியன்:
ரயிலில சைக்கிளுக்கு ரெண்டு மூண்டு இடம்தான் வச்சிருக்கினம். முதல் பனிக்காலம் எவ்வளவு கஷ்டமெண்டு வந்து பாத்தவைக்குத்தான் தெரியும். நாலு மணிக்கே இருட்டி...

நெல்லைக்காரி:
அண்ணா, அந்தப் பிள்ளைகள் ரோட்டோரம் நிற்கிறார்கள். குளிர்காலத்தை அப்புறம் பேசலாம். தம்பி, எந்த ஊர்? எந்த ரோடு? வால்வு தடிமனா ஒல்லியா? கையில் என்ன இருக்கிறது?

புதுவரவு:
மன்னிக்கணும் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். டெர்பியிலிருந்து ஆஷ்போர்னுக்குக் கிளம்பினோம். இப்போது ஏ52 ரோட்டில் பிரெயில்ஸ்ஃபர்ட். மேப் கார் வழியில் இருந்ததை இப்போதுதான் பார்த்தேன். வால்வு ஒல்லி, நுனியில் குட்டியாகப் பித்தளைத் திருகு. கைப்பம்பு, பஞ்சர் பெட்டி, டயர் லீவர் மூன்றும் இருக்கிறது. மணி இரண்டு. பின் லைட் இரண்டு சைக்கிளிலும் உண்டு.

நெல்லைக்காரி:
அப்படியென்றால் வீடு போய்ச் சேரலாம், பயப்படாதீர்கள்.

அது பிரெஸ்டா வால்வு. பங்கில் இருப்பது கார் வால்வுக்கானது, நம் ஊர் வால் டியூப்பும் வேறு. சின்னப் பித்தளை அடாப்டர் இருந்தால்தான் பங்குக் குழாய் பிடிக்கும். கைப்பம்பின் தலையைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பரைத் திருப்பிப் போட்டால் பல பம்புகள் ஒல்லி வால்வையும் பிடிக்கும். நுனித் திருகை இடப்புறம் சுற்றித் தளர்த்தி, ஒரு தட்டு தட்டுங்கள். புஸ் என்று வந்தால் வால்வு திறந்துவிட்டது. அதன் பிறகே பம்பு.

முதலில் பஞ்சர். சங்கிலியை மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். டியூப்பை எடுத்துக் காற்றடித்துக் கன்னத்தருகே பிடித்தால் ஓட்டை தெரியும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக ஓட்டி ரிம்மில் கடிபட்டிருக்கிறது. ஒரே ஓட்டை என்றால் முள். இங்கே மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பண்ணை வேலிச்செடிகளை வெட்டத் தடை, பறவைகள் கூடு கட்டும் காலம். அதனால் செப்டம்பர் பிறந்ததும் மெஷினில் வெட்டுவார்கள். ஹாதார்ன் என்ற வேலிச்செடியின் முள் ரோடெல்லாம் சிதறிக் கிடக்கும். பார்க்கக் கருவேல முள்ளின் குட்டிபோல இருக்கும். டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவி, அந்த முள்ளைப் பிடுங்குங்கள், பிடுங்காமல் ஒட்டினால் அரை மைலில் மறுபடி காற்று இறங்கும்.

ஓட்டையைச் சுற்றித் தேய்த்து, பசை பூசி, தொட்டால் ஒட்டாத அளவு காயவிட்டு, அப்புறம் பட்டையை அழுத்துங்கள். டியூப்பில் லேசாகக் காற்று வைத்து உள்ளே தள்ளினால் மடங்காது. முழுக்க அடிக்கும் முன் இருபக்கமும் டயர் விளிம்பைத் தூக்கிப் பார்த்து, டியூப் சிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். காற்றளவு டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும்.

ஏ52இல் திரும்பாதீர்கள். பிரெயில்ஸ்ஃபர்டிலிருந்து தெற்கே போகும் சின்ன ரோட்டில் லாங் லேன் வந்து, அங்கே கிழக்கே திரும்பினால் ராட்போர்ன் வழியாக மிக்கிள்ஓவர், அதாவது டெர்பி வந்துவிடும். வெள்ளை வட்டப் பலகையில் கறுப்புக் கோடு பார்த்தால் கார்கள் மணிக்கு 60 மைல் வேகம் வரை வரலாம். வளைவில் ஓரத்து வேலியை ஒட்டாமல் கொஞ்சம் நடுவே ஓட்டினால்தான் பின்னால் வருபவருக்குத் தெரிவீர்கள். இந்த மாதம் ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் போய்விடும், முன் லைட்டும் இருக்கட்டும்.

மலைக்கோட்டை:
அடுத்த வாரம் டிசிங்டன் டிரெயில் போங்கள். ஆஷ்போர்ன் முதல் பார்ஸ்லி ஹே வரை 13 மைல், கார் இல்லை. போகும்போது மெல்ல ஏற்றம், திரும்பும்போது சக்கரமே ஓடிவிடும். ஆஷ்போர்னுக்கு ரயில் கிடையாது, பஸ்ஸில் சைக்கிளை நம்பிப் போகமுடியாது. பஸ்ஸில் போய் அங்கேயே மேப்பிள்டன் லேனில் வாடகைக்கு எடுங்கள். சொந்தச் சைக்கிள்தான் வேண்டும் என்றால் டெர்பியில் தொடங்கும் 68ஆம் எண் வழி சின்ன ரோடுகளில் ஆஷ்போர்னுக்குக் கூட்டிப் போகும். பாதை சுண்ணாம்புக்கல் பொடி. ஈரத்தில் சங்கிலியில் பசைபோல ஒட்டும், வீட்டுக்கு வந்ததும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

புதுவரவு:
ஒரே ஓட்டை. முள் உள்ளேதான் இருந்தது, அரிசி நீளம், வெளியிலிருந்து தெரியவே இல்லை. ஒட்டிவிட்டேன், பத்து நிமிஷமாகக் காற்று நிற்கிறது. லாங் லேன் பக்கம் கிளம்புகிறோம் அக்கா.

நெல்லைக்காரி:
பழைய டியூப்தான், ஒரு மைல் போனதும் நிறுத்தி டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அவங்க முன்னால் ஓட்டட்டும், நீங்கள் பின்னால்.