பொதிகையில் சைக்கிளோடு செங்கோட்டை: பார்சலா, லக்கேஜா?

வேளச்சேரி வினோ:
எல்லோருக்கும் வணக்கம். ஜூலையில் நாங்கள் நாலு பேர் செங்கோட்டையிலிருந்து சைக்கிள் டூர் கிளம்புகிறோம். முதல் நாள் குற்றாலம், குண்டாறு அணை. மறுநாள் புளியரை, ஆரியங்காவு வழியாகத் தென்மலை. அப்புறம் திரும்பி வந்து கடையம், அம்பாசமுத்திரம், பாபநாசம். மற்ற மூன்று பேரும் மதுரைக்காரர்கள், சைக்கிளைக் காரில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் மட்டும் சென்னையிலிருந்து ரயில். பொதிகை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. சைக்கிள் ஹைபிரிட், டிஸ்க் பிரேக்.

முன் சக்கரத்தைக் கழற்றி, துணியில் சுற்றி பெர்த்துக்கு அடியில் தள்ளிவிடலாமா? இல்லை, பார்சலில்தான் போட வேண்டுமா? ஆபீஸ் நண்பர் ஒருவர் பைக்கைப் பார்சலில் போட்டாராம், இவர் ஊர் போய் நாலு நாள் கழித்து பைக் வந்ததாம். எனக்கு அப்படி ஆனால் டூரே முடிந்துவிடும்.

பஞ்சர் பாண்டி:
வினோ தம்பி, உங்கள் நண்பர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அவர் போட்டது பார்சல், நீங்கள் போட வேண்டியது லக்கேஜ். இரண்டுக்கும் போவது அதே பார்சல் ஆபீஸ்தான் என்பதால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். பார்சலுக்கு டிக்கெட் வேண்டாம், எந்த வண்டியில் இடம் கிடைக்கிறதோ அதில் போகும். லக்கேஜ் என்றால் உங்கள் டிக்கெட்டின் பேரில் பதிவாகி, நீங்கள் போகிற அதே வண்டியின் லக்கேஜ் வேனில் (பிரேக் வேன் என்பதும் அதுதான்) வரும். கவுண்டரில் வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையே "லக்கேஜ் புக்கிங் சார், இன்றைக்குப் பொதிகை" என்று இருக்கட்டும். "ஒரு சைக்கிள் அனுப்பணும்" என்று ஆரம்பித்தீர்களோ, பார்சல் பாரம் கைக்கு வந்துவிடும்.

பெர்த்துக்கு அடியில் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். ஸ்லீப்பரில் 40 கிலோ வரை இலவசம்தானே என்று இங்கேயே சிலர் வாதாடுவார்கள். எடை யாருக்குப் பிரச்சினை? பெட்டிக்குள் எடுத்துப்போகும் சாமானுக்கு 100க்கு 60க்கு 25 சென்டிமீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பிரேக் வேன். ஹைபிரிட் சைக்கிளில் முன் சக்கரத்தைக் கழற்றினாலும் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். டிடிஇ நல்ல மனிதராக அமைந்தால் கண்டுகொள்ள மாட்டார்தான், ஆனால் அவருடைய மூடை நம்பி டூர் போட முடியுமா? கீழ் பெர்த் பாட்டியின் பலாப்பழ மூட்டையோடு வேறு நீங்கள் இடச்சண்டை போட வேண்டும்.

இனி பேக்கிங். பார்சல் ஆபீஸ் பக்கம் கோணி, வைக்கோல், சணல் கயிறு, கோணி ஊசியோடு ஆட்கள் இருப்பார்கள். ரேட்டை முதலில் பேசிவிடுங்கள். அவர்கள் கை வேகமானது, ஆனால் பெட்ரோல் டேங்கையும் ஹெட்லைட்டையும் காப்பாற்றியே பழகிய கை. சைக்கிளில் எது முதலில் அடிபடும் என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பின் டெரெய்லரும் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்துகிற பாகம்) அது தொங்குகிற ஹேங்கரும்தான் முதல் பலி. ஹேங்கர் லேசாக உள்ளே வளைந்தால் போதும், புளியரை ஏற்றத்தில் லேசான கியர் போடும்போது டெரெய்லர் ஸ்போக்கில் மாட்டும். அதனால் வீட்டிலேயே செயினைப் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றிவிடுங்கள், டெரெய்லர் உள்பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். அதன் மேல் கெட்டி அட்டையை மடித்து டேப் சுற்றுங்கள். டிஸ்க்குக்கும் ஒரு அட்டை. பெடல் இரண்டையும் கழற்றுங்கள் (இடது பெடலுக்கு மரை தலைகீழ், வழக்கமான பக்கம் திருகிக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்). ஹேண்டில்பாரை லூஸ் செய்து சக்கரத்துக்கு நேராகத் திருப்பி மறுபடி முடுக்குங்கள். லைட், மீட்டர், பம்ப், தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்கள் பையில்.

சக்கரத்தை மட்டும் கழற்றாதீர்கள். அட்டைப் பெட்டியில் போட்டால்தான் பத்திரம் என்று விமானத்தில் போய் வந்தவர்கள் சொல்வார்கள். ரயிலில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உருளுகிற சாமானை போர்ட்டர் உருட்டிக்கொண்டு போவார், உருளாததைத் தூக்கிப் போடுவார். பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், புரியும்.

கோணியின் இரண்டு பக்கமும் மார்க்கரில் பெயர், போன், பிஎன்ஆர், வண்டி எண், எம்எஸ் டூ எஸ்சிடி என்று எழுதுங்கள். எழும்பூரும் செங்கோட்டையும் அவர்கள் கண்ணுக்கு இந்த எழுத்துகள்தான். டிக்கெட், ஆதார், சைக்கிள் பில் மூன்றுக்கும் ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும். மதிப்பு எவ்வளவு என்று கேட்பார்கள். மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், தொலைந்த லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்தான் உச்சவரம்பு. 14 கிலோ சைக்கிளுக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விதிப்படி அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்தால் போதும். நீங்கள் சாயந்திரம் ஆறு மணிக்கே அங்கே இருங்கள். ரசீது வாங்கியதோடு வேலை முடியாது, சைக்கிள் வேனில் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெர்த்துக்குப் போக வேண்டும். வேனில் சில அறைகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள், அதனால் வண்டியின் எந்தப் பக்கம் ஏற்றுவார்கள் என்று ஆபீஸிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஜங்ஷனில் எனக்கு ரசீது போட்டு முடித்து, சைக்கிள் மட்டும் டிராலியில் நின்றுகொண்டிருந்தது. வண்டி கிளம்பப் பத்து நிமிடம். கார்டிடம் ஓடிப்போய் ரசீதைக் காட்டினேன், அவரே ஆளைக் கூப்பிட்டு ஏற்றவைத்தார். 2022-லிருந்து அவர்களுக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர், ஆனால் "கார்டு சார்" என்றாலும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வேளச்சேரி வினோ:
ரொம்ப நன்றி அண்ணே. இன்னொன்று. ரூம் போட்டிருப்பது தென்காசியில். அங்கேயே இறங்கி சைக்கிளை எடுத்துக்கொள்ளலாமா?

பஞ்சர் பாண்டி:
வேண்டாம். தென்காசியில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். உங்கள் சைக்கிளுக்கு முன்னால் யாருடைய மூட்டை அடுக்கியிருக்கிறதோ, யார் கண்டது? இறக்குவதற்குள் வண்டி எடுத்துவிட்டால் சைக்கிள் செங்கோட்டைக்குப் போகும், நீங்கள் ஆட்டோ பிடித்துத் துரத்த வேண்டும். கடைசி ஸ்டேஷனுக்கே டிக்கெட்டும் லக்கேஜும் போடுங்கள். எல்லாச் சாமானையும் இறக்கித்தான் ஆக வேண்டும், நீங்களும் நிதானமாக வாங்கலாம். செங்கோட்டையிலிருந்து தென்காசி சைக்கிளில் அரை மணி நேரம்.

நாவலூர் நரேன்:
இவ்வளவு கூத்து எதற்கு? ஆம்னி பஸ் டிக்கியில் படுக்கப் போட்டு, கிளீனருக்கு ஏதாவது கொடுத்தால் முடிந்தது. நான் அப்படித்தான் போகிறேன்.

பஞ்சர் பாண்டி:
டிக்கி காலியாக இருந்தால் சரி, நரேன். வெள்ளிக்கிழமை ராத்திரி தென்காசி பஸ்ஸில் டிக்கி காலியாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? சைக்கிள் மேல் யாரோ ஒருவரின் மிக்ஸி கிரைண்டர் பெட்டி உட்காரும். ஹேங்கர் வளைந்தால் ரசீதும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர் என்றால் நானே பஸ்ஸில் போகச் சொல்வேன். ரயில் என்றாலும், மடித்தபின் நான் சொன்ன அளவுக்குள் அடங்கினால், அதை உறை போட்டு பெர்த்துக்கடியில் வைத்துவிடலாம்.

தென்காசிக்காரன்:
ரயில் விஷயத்தை அண்ணாச்சி சொல்லிவிட்டார். ரோட்டைப் பற்றி நான் சொல்கிறேன். ஜூலையில் செங்கோட்டைக் கணவாயில் மேற்கேயிருந்து காற்று அடித்துத் தள்ளும். தென்மலைக்குப் போகும்போது ஏற்றமும் எதிர்காற்றும் சேர்ந்தே வரும், அந்தப் பக்கம் 35 கிலோமீட்டர்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். திரும்பும்போது அதே காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். அதைவிட முக்கியம், புளியரை செக்போஸ்ட் தாண்டி மலைப்பாதையில் கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிய லாரிகள். எஸ் வளைவில் உங்களை உரசுகிற மாதிரி ஏறும். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். சாரலில் ரோடு நனைந்தே கிடக்கும், பின்னால் சிவப்பு லைட் பகலிலும் எரியட்டும்.

ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டி பக்கம் பதின்மூன்று கண் பாலம் ரோட்டிலிருந்தே தெரியும். 1904-இல் மீட்டர் கேஜ் வண்டி ஓட ஆரம்பித்த பாதை அது, 2018-இல்தான் அகலப்பாதை ஆகி வண்டி விட்டார்கள். பாபநாசத்தில் செக்போஸ்ட்டுக்கு மேலே புலிகள் காப்பகம், காரையாறு வரை சைக்கிளில் ஏறலாம் என்று திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

வேளச்சேரி வினோ:
அருமை அண்ணே. திரும்பும்போதும் இதே மாதிரிதானே?

பஞ்சர் பாண்டி:
அதேதான். ஆனால் எழும்பூரில் சுற்றிய கோணியை செங்கோட்டையில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், தையலை மட்டும் பிரித்து மடித்து ரூமில் வையுங்கள். அங்கே பேக்கிங் ஆள் கிடைப்பது நிச்சயமில்லை. ஒரு கோணி ஊசியும் சணல் கயிறும் பையில் இருக்கட்டும். சென்னையில் இறங்கினதும் நேராக வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு சாவகாசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், இலவச நேரம் தாண்டினால் வார்பேஜ் என்று, எடுக்காமல் கிடக்கிற சாமானுக்கான கட்டணத்தை மணிக்கணக்கில் போடுவார்கள்.