தாத்தாவின் கோல்ட் (Colt) ரிவால்வர் அசல்தானா?

கேள்வி: தாத்தாவின் ரிவால்வர், அமெரிக்க கோல்ட் நிறுவனத்தின் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ மாடல், என் கைக்கு வந்திருக்கிறது, ஆனால் நீலப் பூச்சு புதிது போல மின்னுவதால் சந்தேகமாக இருக்கிறது. வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் உள்ளே தோட்டா இல்லையென்று உறுதி செய்யுங்கள். அப்புறம் வரிசை எண்ணைப் பாருங்கள், சட்டகம், விசைக் காப்பு (விசையைச் சுற்றிய வளையம்), கைப்பிடியின் பின்பட்டை மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். 1873இல் தொடங்கிய மாடல் இது, எண்ணை வைத்தே தயாரித்த ஆண்டு தெரிந்துவிடும்.

பதில்: மின்னுகிறது என்றால் எனக்கும் கவலைதான். மறுபடி மெருகேற்றியிருந்தால் சட்டகத்தில் பொறித்த காப்புரிமைத் தேதிகளின் எழுத்து மங்கி, விளிம்புகள் மழுங்கி, திருகுத் துளைகளின் ஓரம் குழிந்திருக்கும்.

பதில்: சட்டகத்தின் முன்பக்கத் திருகு தோட்டா உருளையின் அச்சைப் பிடித்திருந்தால் அது பழைய கரும்பொடி (புகை கக்கும் பழைய வெடிமருந்து) கால அமைப்பு. நகல்களிலும் அது உண்டு, அதை மட்டும் நம்பாதீர்கள். கோல்ட் ஆவணக் காப்பகத்தில் இந்தத் துப்பாக்கியின் தயாரிப்புப் பதிவைச் சொல்லும் கடிதம் வாங்குங்கள், அதுவரை தயவுசெய்து எதையும் தேய்க்காதீர்கள்.