பிலிப்பைன்ஸ் இஸ்க்ராம்போல் வீட்டில் செய்வது எப்படி? மூன்று முறை செய்தும் அந்த ருசி வரவில்லை

தாவோ_திண்டுக்கல்:

எல்லோருக்கும் வணக்கம். 2014 முதல் 2019 வரை பிலிப்பைன்ஸில் தாவோ நகரத்தில் மருத்துவம் படித்தேன், இப்போது ஊரில் வேலை. அங்கே சாயங்காலம் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ஒரு தள்ளுவண்டி நிற்கும். அதில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஐஸைக் கிளறிக் கிளறி பிளாஸ்டிக் டம்ளரில் போட்டு, மேலே பால் பவுடரைத் தூவி, சாக்லேட் சிரப்பைக் கோடு கோடாக ஊற்றித் தருவார்கள். இஸ்க்ராம்போல் என்பார்கள். முட்டையைக் கிளறுவோமே, அந்த ஸ்கிராம்பிள்தான் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. எங்கள் வண்டிக்காரரைக் கூயா என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம். நான் போய் நின்றால் கேட்காமலே இன்னொரு கரண்டி பால் பவுடர் போடுவார். முதல் வருடம் வீட்டு நினைப்பில் சாப்பாடே இறங்காத நாட்களில் இதைச் சாப்பிட்டுத்தான் அறைக்குப் போயிருக்கிறேன்.

இந்தக் கோடையில் அக்கா பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் செய்துகொடுக்க வேண்டும் என்று ஆசை. முதல் முறை பழுத்த வாழைப்பழம், பால், ஐஸ் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தேன். மில்க்‌ஷேக் மாதிரி வந்தது, கொஞ்ச நேரத்தில் நிறம் கறுத்துவிட்டது. இரண்டாவது முறை வாழைப்பழ எசென்ஸ் வாங்கி ஒரு டீஸ்பூன் விட்டேன், வாயில் வைக்க முடியாத கசப்பு. மூன்றாவது முறை எசென்ஸைக் குறைத்தேன், ருசி கிட்டத்தட்ட வந்தது, ஆனால் டம்ளரில் போட்டு வெளியே கொண்டுவருவதற்குள் பாதி தண்ணீர். மேலே போட்ட பால் பவுடரும் பிசுபிசு என்று ஒரே இனிப்பாகப் போய்விட்டது. டீக்குப் போடும் பவுடர்தான் வீட்டில் இருந்தது, அதைத்தான் போட்டேன்.

எங்கே தவறுகிறேன்? அங்கே இருந்தவர்கள், செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பாசிக்_கரை:

டாக்டர், நான் மணிலாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். உங்கள் மூன்றாவது முயற்சி கிட்டத்தட்ட சரி, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் ஒன்று. இஸ்க்ராம்போலில் வாழைப்பழம் கிடையாது, வாழைப்பழ எசென்ஸ் மட்டும்தான். பழத்தைப் போட்டால் சத்து கூடும், ருசி மாறிவிடும். இங்கே என் அலுவலகத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் யாரிடம் கேட்டாலும் பள்ளிக்கூட வாசல், இளஞ்சிவப்பு ஐஸ், அந்த எசென்ஸ் வாசனை என்று இந்த மூன்றையும்தான் சொல்வார்கள். பணம் இருக்கிறதே என்று கிரீம், நல்ல சாக்லேட், பழம் என்று உயர்த்திக்கொண்டே போனால் அது வேறு பண்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் இருக்கும் சில்லறைக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று செய்தது இது, அந்த எளிமையில்தான் இதன் ருசியே இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான்கு டம்ளருக்கு நான் செய்கிற அளவு: நொறுக்கிய ஐஸ் நான்கு கப், எவாப்பரேட்டட் பால் முக்கால் கப், சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு கப் (கால் கப் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தது), எசென்ஸ் கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, நிறத்துக்கு இரண்டு சொட்டு. எசென்ஸ் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு காரமாக இருக்கும், அதனால் கால் டீஸ்பூனில் ஆரம்பித்து முகர்ந்து பார்த்துக் கூட்டுங்கள். எவாப்பரேட்டட் பால் ஊரில் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் பாலை அடிகனமான பாத்திரத்தில் அடுப்பைக் குறைத்து வைத்து 400 மில்லி ஆகும்வரை காய்ச்சினால் போதும், ஆடை படியவிடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஏன் எல்லாவற்றிலும் டின் பால், பால் பவுடர் என்று கேட்டால், இந்த நாட்டில் கறவை மாடு குறைவு. குடிக்கிற பாலில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அமெரிக்கர்கள் ஆண்ட காலத்திலிருந்து டின் பால்தான் இவர்களுக்குப் பால். ஐஸும் அப்படித்தான். 1902-ல் மணிலாவில் இன்சுலர் ஐஸ் பிளான்ட் வந்த பிறகுதான் சாதாரண சனங்கள் கைக்கு ஐஸ் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இங்கே கடை வைத்திருந்த ஜப்பானியர்கள் சர்க்கரைப்பாகில் வேகவைத்த பயறோடு சீவின ஐஸும் பாலும் போட்டு விற்றார்கள், அதிலிருந்து வளர்ந்ததுதான் ஹாலோ ஹாலோ என்று சொல்வார்கள். ஹாலோ ஹாலோவை வீட்டிலும் உணவகத்திலும் உட்கார்ந்து சாப்பிடலாம். இஸ்க்ராம்போலை நின்றுகொண்டு சாப்பிட்டால்தான் எனக்கு நிறைவு.

பவுடர் விஷயம்: டீக்கான பவுடரில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருக்கும், அதுதான் பிசுபிசுத்திருக்கிறது. சர்க்கரை சேராத, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் வாங்குங்கள்.

பினாங்கு_மீனா:

தம்பி, நான் பிலிப்பைன்ஸ் போனதே இல்லை. ஆனால் எங்கள் பினாங்கில் ஐஸ் கச்சாங் சாப்பிட்டு வளர்ந்தவள், சீவின ஐஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மிக்ஸியில் ஐஸை ஓடவிட்டீர்கள் அல்லவா, உங்கள் சிக்கல் அங்கேதான். மிக்ஸி ஓட ஓட ஜார் சூடாகும், பிளேடு உரசுகிற இடத்தில் ஐஸ் உருகும், கண்ணுக்குத் தூள் மாதிரி தெரிந்தாலும் அடியில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரோடு பாலை ஊற்றினால் அப்புறம் எங்கே நிற்கும்? கையால் சுற்றுகிற சின்ன ஐஸ் சீவும் கருவி கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை, மூடி அழுத்தும் பிளாஸ்டிக் பையில் விரல் கனத்துக்கு ஊற்றி, தட்டில் படுக்கவைத்து உறையவிடுங்கள். பலகை மாதிரி வரும். அதை ஒரு துண்டில் சுற்றி, சப்பாத்திக் கட்டையால் தட்டினால் சின்னச் சின்னச் சில்லாக உடையும். அந்தச் சில்லை மட்டும் மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு மூன்று திருப்பு, அவ்வளவுதான். உடனே வடிகட்டியில் கொட்டி நீரை வடியவிட்டு, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். ஜாரையும் டம்ளரையும் முன்னாலேயே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும்.

பாலையும் பாகையும் ஊற்றி மரக்கரண்டியால் கையாலேயே கிளறுங்கள். மறுபடி மிக்ஸிக்குப் போகக்கூடாது.

சத்வா_ஜன்னல்:

நான் துபாயில் சத்வா பக்கம் இருக்கிறேன், சுற்றிலும் பிலிப்பைன்ஸ்காரர்கள். எங்கள் ஃபிளாட்டில் இருக்கும் ஆத்தே (அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள், நம் ஆத்தா மாதிரி காதில் விழும்) வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை செய்வார். அவர் முறை வேறு. தண்ணீர் ஐஸே கிடையாது, பால், சர்க்கரை, எசென்ஸ், நிறம் எல்லாவற்றையும் கலந்து ஐஸ் டிரேயில் உறையவைத்து, மறுநாள் எடுத்துச் சுரண்டுவார். உருகினாலும் பால்தான், தண்ணீராகப் போகாது. துபாய் வெயிலுக்கு இதுதான் தாங்குகிறது. டாக்டர், நீங்கள் இதையும் ஒருமுறை செய்து பாருங்கள்.

மேலே அவர் பினிபிக் போடுவார். முற்றாத இளம் ஒட்டரிசி நெல்லை வறுத்து இடித்தது, நம் அவலுக்குச் சொந்தக்காரன். கெட்டி அவலை வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வறுத்துப் போட்டால் வித்தியாசம் தெரியாது.

பாசிக்_கரை:

சத்வா நண்பரே, உங்கள் ஆத்தே முறை நன்றாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் டாக்டர் தேடுகிற ருசி அதில் வராது என்று நினைக்கிறேன். எல்லாமே பாலாக உறைந்தால் வழவழவென்று ஐஸ்கிரீம் பக்கம் போய்விடும். வண்டியில் தருகிற இஸ்க்ராம்போலில் பல்லில் நெறுநெறு என்று தண்ணீர் ஐஸ் கடிபட வேண்டும், அந்தச் சொரசொரப்பு மேல்தான் உலர்ந்த பால் பவுடர் ஒட்டும். மேலே இருக்கிற பவுடர் உலர்ந்தும் அடியில் ஐஸைத் தொட்ட பவுடர் பிசைந்த மாவு மாதிரி கட்டிகட்டியாகவும் இருக்குமே, அது வழவழப்பான ஐஸில் வருவதில்லை. பினிபிக்கும் எங்கள் பக்கம் ஹாலோ ஹாலோவில்தான் அதிகம் பார்க்கிறேன், இருந்தாலும் போட்டால் தப்பில்லை. இங்கே சில வண்டிகளில் குட்டி மார்ஷ்மெல்லோ போடுவார்கள், சிலர் சாகோ போடுவார்கள், அது நம் ஜவ்வரிசிதான்.

சுவைக்_கணக்கு:

உணவு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன், இரண்டு விஷயத்தைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது.

எசென்ஸ் கசந்தது ஏன் என்றால், அந்த வாசனையின் உயிர் ஐசோஅமைல் அசிடேட் என்கிற ஒரே பொருள். பழத்திலும் அது இருக்கிறது, ஆனால் அங்கே மற்ற வாசனைகளோடு கொஞ்சமாகக் கலந்திருக்கும். பாட்டிலில் அது மட்டும் அடர்த்தியாக நிற்கும். அதனால் கூடினால் கசப்பும் மருந்து நெடியும் வரும். ஐஸில் நேராக விடாமல் பாகில் கலந்துவிடுங்கள், ஒரே இடத்தில் திரண்டு நிற்காது. இனிப்பிலும் கவனம் வேண்டும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் பாகைத் தனியாகச் சுவைத்தால் திகட்டுகிற அளவுக்கு இருப்பதுதான் சரி. அதற்காகச் சர்க்கரையை அள்ளிப் போட்டால் ஐஸ் வேகமாக உருகும், ஏனென்றால் சர்க்கரை உறைநிலையைக் கீழே இறக்கிவிடும். பாசிக்_கரை சொன்ன அளவைத் தாண்டாதீர்கள், மேலே சாக்லேட் சிரப் வேறு வருகிறது.

அடுத்தது நிறம், இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், குழந்தைகளுக்குச் செய்வதால். கடையில் பொட்டலமாகத் தருகிற, பெயர் எதுவும் எழுதாத ரோஸ் பவுடரை வாங்கவே வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது நினைவிருக்கும். அதில் ரோடமின் பி என்கிற சாயம் இருந்தது, துணிக்குப் போடுகிற சாயம் அது. உணவுக்கானது என்று லேபிள் ஒட்டி மூடிய பாட்டிலில் வருகிற நிறம் இரண்டு சொட்டு போதும். அதுவும் வேண்டாம் என்றால் பீட்ரூட் துண்டு ஒன்றைத் துருவிப் பிழிந்து அரை டீஸ்பூன் சாறு விடுங்கள். பாலோடு சேர்ந்தால் அழகான இளஞ்சிவப்பு வரும், அந்த அளவுக்கு மண்வாசனை தெரியாது, எசென்ஸ் அமுக்கிவிடும்.

தாவோ_திண்டுக்கல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ஞாயிறு, செய்தேன்.

மீனா அக்கா சொன்னபடி ஐஸைப் பலகையாக உறையவைத்துத் தட்டினேன், வடிகட்டியில் போட்டபோது அடியில் அரை டம்ளர் தண்ணீர் வந்தது. இவ்வளவு நாளும் இதைத்தான் சேர்த்துக் கலக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. பாலை 400 மில்லிக்குக் குறுக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிறத்துக்குப் பீட்ரூட் சாறு. எசென்ஸைப் பாகில் கால் டீஸ்பூன் விட்டு, முகர்ந்து பார்த்து, இன்னும் மூன்று சொட்டு விட்டேன். அந்த மூன்றாவது சொட்டில் வாசனை சட்டென்று தாவோவுக்குப் போனது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுப்பு மேடை முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

சாக்லேட் சிரப்பையும் வீட்டிலேயே செய்தேன்: கோகோ கால் கப், சர்க்கரை அரை கப், தண்ணீர் அரை கப், நான்கு நிமிடம் கொதி. ஆறவைத்து, சாஸ் பாட்டிலில் ஊற்றிப் பிழிந்தால் ஐஸில் பட்ட இடத்தில் அப்படியே இறுகி நூல் மாதிரி நிற்கிறது. பால் பவுடரை டீ வடிகட்டியில் போட்டுத் தூவாதீர்கள், ஒரே சீராகப் படிந்து கட்டியே வராது. கரண்டியால் கொட்டினால்தான் அந்தக் கட்டி வருகிறது. பெரியவனுக்கு முதலில் பவுடர் தொண்டையில் அடைத்து இருமினான், அப்புறம் மேலே இருப்பதை மட்டும் கரண்டியால் வழித்து வழித்துச் சாப்பிட்டான். சின்னவளுக்கு அவல் போட்டது பிடித்தது, சத்வா நண்பருக்கு அவள் சார்பில் நன்றி. பால் ஐஸ் முறையை அடுத்த வாரம் செய்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கடைசி இரண்டு வாய்க்கு வரும்போது அடியில் பால் நிறைய நின்றுவிடுகிறது. இது அங்கேயும் அப்படித்தானா, நான் மறந்துவிட்டேனா?

பாசிக்_கரை:

அங்கேயும் அப்படித்தான் டாக்டர். டம்ளரைச் சாய்த்துக் குடித்துவிடுவோம், பவுடர் கரைந்த அந்தப் பால்தான் கடைசி ருசி. அதற்காகத்தான் இரண்டாவது கரண்டி பவுடர்.