பழைய போட் எஞ்சின் கையில் கிடைத்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

மயிலிட்டியான், ஸ்காபரோ:

போன மே மாதம் எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். கராஜ் வாசலில் புல்வெட்டிக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவே ஒரு ஜான்சன் அவுட்போர்ட், அதாவது படகின் பின்பக்கம் மாட்டும் எஞ்சின், மரச்சட்டத்தில் தொங்கியது. "எழுபதுகளில் வாங்கினேன், பத்துக் குதிரை, இருபது வருடமாகக் கயிறு இழுக்கவில்லை" என்றார். 40 டாலர். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏற்றினேன்.

எழுபதுகள் என்றது மட்டும் எனக்கு இடித்தது. எரிபொருள் குழாய் சொருகும் இடத்தில் இரண்டு முனைகள் இருந்தன. ஐம்பதுகளில் வந்த ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களில் பெட்ரோலை இழுக்கப் பம்ப் கிடையாது. எஞ்சினே பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் மூடிய அறையான கிராங்க் கேஸிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தொட்டிக்குள் காற்றை அழுத்தும். அந்த அழுத்தத்தில் மற்றக் குழாய் வழியாகப் பெட்ரோல் ஏறி வரும். அறுபதுகளில் பம்ப் வந்த பிறகு ஒற்றைக் குழாய் போதும் என்றாகிவிட்டது. அப்படியானால் இவன் கிழவர் சொன்ன வயதுக்கு மூத்தவன்.

படகில் மாட்டும் கவ்வியின் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருந்தது. அதன் மேல் யாரோ இரண்டு தடவை பெயின்ட் அடித்திருந்தார்கள். சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். பழைய பல் பிரஷ்ஷைத் தின்னரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். முதலில் ஒரு வால் தெரிந்தது. அப்புறம் அது 'கியூ' என்று தெரிந்தது. கால் மணி நேரத்தில் முழுசாக வந்தது: கியூடி-19. ஜான்சனின் பத்துக் குதிரை வரிசையில் கியூடி-10 என்பது 1949. வருடத்துக்கு ஒன்று கூட்டிக்கொண்டே வந்தால் 19 என்பது 1958. கிழவர் பொய் சொல்லவில்லை. அவர் வாங்கியபோதே அது இன்னொருவர் ஓட்டிப் பழசாக்கிய எஞ்சின், அவ்வளவுதான்.

கயிறு இழுத்தால் சுற்றியது, ஜாம் ஆகவில்லை. இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே அளவில் இருந்தது. ஆனால் ஸ்பார்க் பிளக்கில் பொறி துளியும் இல்லை. மேலே சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றத்தான் ஒரு சனிக்கிழமை போனது. விளிம்பைப் பிடித்து இழுக்கும் புல்லரை மாட்டினேன். நல்லவேளை, கார் மெக்கானிக்காக இருக்கும் மருமகன் வந்து, "மாமா, விளிம்பு கோணிப்போகும். நடுவில் மூன்று மரைத்துளை இருக்கு, அதுக்குத்தான் அது" என்று தடுத்தான். மூன்று போல்ட் போட்டு இழுக்கும் புல்லரைக் கொண்டுவந்து, நடு போல்ட்டை இறுக்கி ஒரு தட்டுத் தட்டினான். 'டக்' என்று விட்டது.

உள்ளே எலி கட்டிய கூடு, சூரியகாந்தி விதைத் தொலி. அதைத் துடைத்தபோது பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு காயில்களும் தெரிந்தன. தண்ணீர் வற்றிய குளத்துத் தரை எப்படிப் பிளந்து கிடக்கும், அப்படி வெடித்திருந்தன. அந்தக் காலத்து ஜான்சன், எவின்ரூட் காயில்களுக்கு இது பரம்பரை வியாதி. புதிய காயில் இன்றும் கிடைக்கிறது. மின்சாரத்தைத் தொட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டுகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததை மெல்லிய எமரித் தாளால் தேய்த்தேன். அந்தத் தூளையும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்த்தும் பிரயோசனமில்லை. பாயின்ட் இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 20 பங்கு. மறுபடி கயிறு இழுத்தபோது பிளக் முனையில் நீலமாக ஒரு சொடுக்கு. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கீழே எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பில், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் ஒரே பக்கமாக மடிந்து பிஸ்கட் மாதிரி இறுகியிருந்தன. இதைப் பார்க்காமல் ஓட்டியிருந்தால் எஞ்சின் வெந்திருக்கும். இந்த மாடலில் இன்றைய எஞ்சின் மாதிரி பக்கவாட்டில் தண்ணீர் பீச்சாது. ஆகவே தண்ணீர் ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. சிலிண்டர் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். 'சுர்' என்று கொதித்துப் போகாமல் அங்கேயே நின்றது. சரி, குளிர்கிறது.

24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். இன்றைய கணக்கில் 50க்கு 1 கலந்தால் இவனுக்குப் போதாது. குப்பைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் மாட்டி, பதினோராவது இழுப்பில் பிடித்தது. தெரு முழுக்க நீலப் புகை.

அந்தப் புகை மணம்தான் என்னை இதற்குள் இழுத்தது என்று நினைக்கிறேன். 1990இல் போரால் இடம்பெயரும்வரை யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் அப்பாவுக்கு ஒரு போட் இருந்தது. பிறகு பொருளாதாரத் தடை. பெட்ரோல் தங்கம் மாதிரி. சின்னம்மா வீட்டில் இருந்தபோது அப்பா மற்றவர்களுடைய எஞ்சின்களைத் திருத்துவார். குழந்தைகளுக்கு மருந்து வரும் சின்னப் போத்தலில் பெட்ரோல் வைத்திருப்பார். நாலு சொட்டு கார்பரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு விடுவார். அந்தப் போத்தலைத் தொட்டால் அடி விழும்.

மற்றவர்களும் எழுதுங்கள்.

குளச்சல் வள்ளக்காரன்:

அண்ணே, மண்ணெண்ணெய் எங்களுக்குத் தடையால் வந்ததில்லை, தினப்படி சோறே அதுதான். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கரைக்கு வரும்போது திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றித்தான் அணைப்போம். மாற்றாமல் அணைத்தால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், மறுநாள் விடியற்காலை தோள் கழன்றாலும் பிடிக்காது.

என் கதை வேறே. அலைவாயில் வள்ளம் கவிழ்ந்து யமஹா எஞ்சின் கடலுக்குள் போய்விட்டது. மூன்று மணி நேரம் கழித்து முங்கி எடுத்தோம். எடுத்ததும் எல்லோரும் "வெயிலில் காய வை" என்றார்கள். எங்க மாமா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல தண்ணீர் டிரம்முக்குள் எஞ்சினை முழுசாக முக்கி வைத்தார். உப்பும் காற்றும் சேர்ந்தால்தான் அரிப்பு, தண்ணீருக்குள் கிடக்கிறவரை அது தூங்கும் என்றார். மெக்கானிக் வந்த பிறகுதான் வெளியே எடுத்தோம். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஆயில் விட்டுச் சுற்றி, அன்றைக்கே ஓட வைத்தார். அதே எஞ்சின் அதுக்குப் பிறகு நாலு வருசம் ஓடியது.

அதன் தகடு எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது. ஸ்பேர் வாங்கப் போனால் "என்ன மாடல்?" என்பார்கள். யமஹா பாக எண்ணில் முதல் மூன்று எழுத்து மாடலைச் சொல்லும். உள்ளே எந்தப் பாகத்திலாவது அச்சு அழியாமல் இருக்கும். அதைத் துணியில் துடைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டு போவேன்.

தேம்ஸ் நரை, லண்டன்:

என்னுடையது பிரிட்டிஷ் சீகல். இங்கே பழைய படகுத்துறைகளில் கொட்டிக் கிடக்கிறது. பூல் ஊரில் செய்தது. மூடி என்று ஒன்று இல்லை, எல்லாம் வெளியே தெரியும். எஞ்சின் நம்பரைக் கிராங்க் கேஸில் அடித்திருப்பார்கள். முன்னெழுத்து மாடலைச் சொல்லும்.

வாங்கிய புதிதில் கியர் பாக்ஸைத் திறந்தால் பால் டீ மாதிரி வந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்று நினைத்துப் பத்து நாள் சீல் தேடினேன். பிறகுதான் தெரிந்தது, புரொப்பல்லர் பக்கம் சீலே கிடையாது. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வருவது அதன் பிறவிக் குணம். கெட்டியான கியர் ஆயில் ஊற்றி அடிக்கடி மாற்றினால் போதும். தேடியதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இன்னொன்று, என் மாடலில் நியூட்ரல் இல்லை. கயிறை இழுத்துப் பிடித்ததும் படகு கிளம்பிவிடும். முதல் நாள் படகை மரத்தில் கட்டியிருந்தேன், நல்லதாய்ப் போயிற்று. கயிறைத் தனியே சுற்றி இழுக்க வேண்டும், இழுத்ததும் அதன் முடிச்சு பின்னால் பறந்து வரும். நண்பன் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு போட்டோ எடுத்தான். படம் நன்றாக வந்தது. அவன் காதுதான் இரண்டு நாள் சிவந்திருந்தது.

புதிதாக வந்தவன்:

அண்ணன்மாரே, எனக்கு எவின்ரூட் ஒன்று வந்திருக்கிறது. தகட்டில் வருடமே இல்லை, வெறும் எழுத்துகள்.

மயிலிட்டியான், ஸ்காபரோ:

தம்பி, 1980க்குப் பிறகு வந்தது என்றால் சுலபம். வருடத்தை ஓர் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளில் ஒளித்திருப்பார்கள்: 'இன்ட்ரொட்யூசஸ்' (INTRODUCES), அறிமுகம் செய்கிறது என்று பொருள். அதில் பத்து எழுத்து. முதல் எழுத்துக்கு 1, அடுத்ததுக்கு 2, இப்படியே போய்க் கடைசி எழுத்துக்குப் பூச்சியம். மாடல் எண்ணின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு அதற்கு முந்திய இரண்டைப் பார். 'சி', 'ஓ' என்றிருந்தால் 85, அதாவது 1985. தகடு இல்லாவிட்டாலும் கவலைப்படாதே. எஞ்சின் தலைப்பகுதியில் காசு அளவில் ஒரு வட்டத் தகடு அடித்திருக்கும், பல மாடல்களில் அதே எண் அதிலும் உண்டு. மூடியில் ஒட்டியிருப்பதை மட்டும் நம்பாதே, மூடி எங்கிருந்தும் வந்திருக்கலாம்.

குளச்சல் தம்பி, டிரம் கதையை அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "அவன்ரை மாமா விசயம் தெரிஞ்ச ஆள்" என்றார்.

என் ஜான்சன் ஜூலையில் சிம்கோ ஏரிக்குப் போனது. இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடியது, பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தொட்டி மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கட் காற்றை விடுகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் ஏறாது. கையால் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தேன். கடையில் வாங்கிய ரப்பர் தகட்டில் வெட்டிப் போட்டதும் பெட்ரோலில் ஊறி உப்பிவிட்டது. கார்க்கில் வெட்டினால் நிற்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், பனி விழுவதற்குள் இன்னொரு தடவை இறக்க வேண்டும்.