போன்ல எல்லாம் இருக்கு, ஆனாலும் வாயில ஸ்பூன்

மூங்கில்:
வலிப்பில் விழுந்தவர் நாக்கை விழுங்கிவிடுவார் என்று பயந்து வாயில் ஸ்பூனைச் செருகுவது இன்னும் நிற்கவில்லை. கடைசியாகப் பார்த்ததில் முன்பல் உடைந்து ரத்தத்தோடு உதட்டில் ஒட்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். அதே போனில் தேடினால் அரை நிமிஷத்தில் விடை. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கைகாலை அமுக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, மணி பார்க்க வேண்டும். 5 நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். பெரும்பாலும் 1 முதல் 3 நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். வம்பே அதுதான். ஸ்பூன் வைத்தவர், தான் வைத்ததால்தான் நின்றது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

கூழாங்கல்:
படம் பிடித்தவர்களைத் திட்டி என்ன பயன்? சந்தேகம் வந்தவன்தான் தேடுவான். மூக்கில் ரத்தம் வந்த பையனின் தலையை அண்ணாந்து பிடித்திருந்தார் ஒருவர். வெளியே நின்றதும் எல்லோருக்கும் நிம்மதி. அது தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கருஞ்சிவப்பாக வாந்தி. முன்னால் குனிந்து, மூக்கெலும்புக்குக் கீழே மெத்தென்ற இடத்தை 10-15 நிமிஷம் விடாமல் அழுத்தணும். நின்னுச்சான்னு நடுவில் விட்டுப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

பச்சைமிளகு:
தீப்புண்ணை யாரும் சொல்லலையே! டூத்பேஸ்ட் பூசியதும் ஜில்லென்று இருக்கும், அந்த ஜில்லுதான் ஆளை ஏமாற்றுது. அதைச் சுரண்டி எடுத்தால்தான் டாக்டருக்குப் புண்ணின் ஆழமே தெரியும். யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். சுட்டு 3 மணி நேரத்துக்குள் என்றால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், ரத்தக்குழாய் சுருங்கிக் காயம் இன்னும் மோசமாகும். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றுங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. குழந்தை என்றால் மற்ற இடத்தைப் போர்த்துங்க, உடம்பு சில்லிட்டுப் போயிடும். 20 நிமிஷம்னு தெரிஞ்சவங்களே எரிச்சல் குறைந்ததும் 2 நிமிஷத்தில் குழாயை மூடிடறாங்க.

மூங்கில்:
கூழாங்கல், சந்தேகம் வராததுதான் காரணம் என்றால் பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டுக்கு என்ன சொல்வீர்கள்? 1 லிட்டர் என்று அதன்மேலேயே அச்சடித்திருக்கு. முழுசையும் ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்குகிறார்கள். கரைசல் அடர்ந்து போனால் குடல் தண்ணீரை உறிஞ்சாமல் உடம்பிலிருந்து உள்ளே இழுக்கும், பேதி கூடும். பழி மட்டும் பாக்கெட்டுக்கு.

கூழாங்கல்:
200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் விற்கிறார்களே. அதற்குப் பழகியவர் பெரியதை எடுத்தால் அளவை எதற்குப் படிக்கப்போகிறார்?